கே.எம்.ஆதிமூலம்: கோடும் வெளியும்

கே.எம்.ஆதிமூலம் (1938–2008) நவீன ஓவியர்களில் தமிழ் வாசகர்களுக்கு மிக அருகில் இருந்தவர். ஓவியக் கண்காட்சிக்கு ஒருமுறைகூடப் போகாதவர்களும் அவருடைய கையைப் பார்த்திருக்கிறார்கள். சிற்றிதழ் அட்டைகளிலும் நூல்களின் தலைப்பெழுத்துகளிலும் அது இருந்தது. வார இதழில் கி.ராஜநாராயணன் எழுதிய பக்கத்தின் ஓரமாக ஒரு கரிசல் கிழவரின் முகமாகவும் அது நின்றது. பெயர் தெரியாமலே பழகிவிட்ட கை அது.

அவரைப் பற்றிப் பேசுகிறவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்திருக்கிறார்கள். இலக்கியக்காரர்கள் பெரும்பாலும் கோட்டோவியக் கட்சி. காந்தி வரிசையும் மன்னர் வரிசையும் இதழ்களுக்கு வரைந்தவையுமே ஆதிமூலம் என்பார்கள். பிற்காலத்து அரூப வண்ண ஓவியங்களைப் பற்றிக் கேட்டால் 'அது பணக்காரர் வீட்டுச் சுவருக்கு' என்று சொல்லி முடித்துவிடுவார்கள். கலைக்கூடத்துக்காரர்களின் கணக்கு வேறு. அவர்களுக்குப் பெரிய கித்தான்களில் உள்ள எண்ணெய் வண்ணம்தான் சாதனை. இதழ்களுக்கு வரைந்தது பிழைப்புக்காக, நட்புக்காகச் செய்த சில்லறை வேலை. இரண்டு பேச்சையும் கேட்டுவிட்டு, இரண்டும் சரியில்லை என்று சொல்லவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

நான் ஓவியன் அல்லன். ஏற்காட்டில் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். பி.எட். படிக்கும்போது கரும்பலகையில் படம் போடச் சொல்லிக் கொடுத்தார்கள். அதில் முதல் விதி, வெளிக்கோட்டை முழுக்க மூட வேண்டும் என்பது. இலையோ இதயமோ இந்திய வரைபடமோ, தொடங்கிய இடத்தில் கோடு வந்து முட்ட வேண்டும். அப்போதுதான் கடைசி பெஞ்சுக்குத் தெரியும். இந்த விதியை முப்பது வருடத்துக்கு மேல் நானும் கடைப்பிடித்தேன், பிள்ளைகளுக்கும் சொன்னேன். ஆதிமூலத்தின் படங்கள் என்னைத் தொந்தரவு செய்தது இந்த இடத்தில்தான்.

வாழ்க்கை

துறையூரை அடுத்த கீராம்பூரில் 1938-ல் பிறந்தார். 1959-ல் சென்னைக்கு வந்தார். சிற்பி எஸ்.தனபால் அவருக்கு வழிகாட்டினார். எழும்பூர்ப் பக்கத்து அரசு ஓவியக் கல்லூரியில் படித்து 1966-ல் பட்டயம் பெற்றார். 1850-ல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் தொடங்கிய பழைய பள்ளி அது. ஆதிமூலம் படித்த காலத்தில் கே.சி.எஸ்.பணிக்கர் அதன் முதல்வர். பணிக்கரும் தனபாலும் சந்தானராஜும் இருந்த அந்த இடத்திலிருந்து வந்தவர்களையே 'மெட்ராஸ் கலை இயக்கம்' என்று பின்னால் சொன்னார்கள். கோட்டுக்கு முதலிடம் கொடுத்தது அவ்வியக்கத்தின் பொதுக் குணம். ஆதிமூலத்திடம் அது மற்றவர்களைவிடக் கூடுதலாக இருந்தது.

பிழைப்புக்கு நெசவாளர் சேவை மையத்தில் ஓவியராக வேலை பார்த்தார். அவர் தலைமுறை ஓவியர்கள் பலருக்கு அந்த மையம்தான் சோறு போட்டது. 2008 ஜனவரியில் சென்னையில் காலமானார்.

துறையூர், பச்சைமலைக்கும் கொல்லிமலைக்கும் நடுவே உள்ள ஊர். நாங்கள் இருக்கும் சேர்வராயன் மலையும் அந்த இரண்டு மலைகளும் கல்வராயனும் ஒரே கிழக்குத் தொடர்ச்சியைச் சேர்ந்தவை. 'தொடர்ச்சி' என்று பெயரே தவிர, தொடர்ந்து போகாது. மேற்கு மலையைப் போல ஒரே சுவராக நிற்காமல் ஓரிடத்தில் எழும்பி, சமவெளியில் இறங்கிக் காணாமல் போய், பத்து இருபது மைல் தள்ளி மறுபடி எழும்பும். அவர் கோட்டின் குணம் இதிலிருந்துதான் வந்தது என்று சொல்ல ஆசையாக இருக்கிறது. ஆனால் அது வெறும் கதையாகப் போய்விடும். சொல்லவில்லை.

காந்தி வரிசை

1969-ல் காந்தி நூற்றாண்டையொட்டி ஆதிமூலம் ஏறத்தாழ நூறு காந்திகளை வரைந்தார். முப்பத்தோரு வயதில் செய்த வேலை. அவர் பெயரைப் பரவலாகத் தெரியவைத்தது இந்த வரிசைதான்.

காந்தியை வரைவது எளிது, அதனாலேயே கடினம். ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் 2-க்கு முன்னால் எங்கள் பள்ளியில் ஓவியப் போட்டி நடக்கும். நூறு பிள்ளைகள் வரைந்தால் நூறும் ஒரே காந்தியாக இருக்கும். இரண்டு வட்டம், நடுவில் ஒரு வளைவு, மொட்டைத் தலை, கைத்தடி. கண்ணாடியைப் போட்டுவிட்டால் காந்தி வந்துவிட்டார் என்று பிள்ளைகளுக்கு ஒரு நம்பிக்கை. பிள்ளைகளை மட்டும் குறை சொல்வதற்கில்லை. ரூபாய் நோட்டும் அரசு விளம்பரமும் சுவர்ப் படமும் அவர்களுக்குக் காட்டியது அதைத்தான்.

இந்திய ஓவியத்தில் காந்திக்கு ஒரு பெரிய முன்மாதிரி நந்தலால் போஸ் 1930-ல் செய்த லினோ அச்சு. கறுப்புப் பரப்பில் வெள்ளைக் கோடுகளால் ஆன காந்தி தடியோடு நடக்கிறார். தண்டி யாத்திரையின் காந்தி அது. நம் ஊரில் எல்லோரும் பார்ப்பது மெரினாவில் தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்து 1959-ல் நிறுவப்பட்ட சிலை. அதுவும் நடக்கிற காந்திதான். இரண்டிலும் காந்தி முழுமையானவர், உறுதியானவர். உருவத்துக்கும் வெளிக்கும் நடுவே தெளிவான எல்லை இருக்கிறது. ராய் சௌத்ரி, பணிக்கருக்கு முன் அதே கல்லூரியின் முதல்வராக இருந்தவர் என்பதால், அந்தச் சிலையை ஆதிமூலத்தின் வீட்டு முன்மாதிரி என்றே சொல்லலாம்.

ஆதிமூலம் அதைப் பின்பற்றவில்லை. அவருடைய காந்திகளில் கோடு முழுக்கச் சுற்றி வருவதில்லை. தோளிலிருந்து ஒரு கோடு இறங்கி முழங்கைக்கு வருமுன்பே நின்றுவிடும். முதுகின் வளைவு இருக்கும், வயிற்றுப் பக்கம் வெறும் தாளாக இருக்கும். சிலவற்றில் முகம் முழுவதும் குறுக்குமறுக்குக் கோடுகளின் அடர்த்தியிலேயே உருவாகிறது. அந்தக் கோடுகளுக்கு வெளியே 'இதுதான் முகத்தின் ஓரம்' என்று காட்ட எதுவும் இல்லை. வேறு சிலவற்றில் தூரிகையின் கனத்த மை ஒரே வீச்சில் துணியாகவும் உடலாகவும் ஆகிவிடுகிறது. எங்கே உடல் முடிந்து துணி தொடங்குகிறது என்று கேட்டால் பதில் கிடையாது.

ஒருமுறை இந்தப் படங்களில் இரண்டை நகலெடுத்து வகுப்புக்குக் கொண்டுபோனேன். எட்டாம் வகுப்பு. நாகலூர்ப் பக்கத்திலிருந்து வரும் மலையாளிப் பழங்குடிப் பையன் ஒருவன், அதிகம் பேசாதவன், எழுந்து கேட்டான்: "சார், இதுல ஏன் கோடெல்லாம் பாதியிலயே நிக்குது?"

"நீயே சொல்லுடா" என்றேன். எனக்குத் தெரியாததால் அப்படிச் சொன்னேன். ஆசிரியர்களுக்கு இது பழைய தந்திரம்.

அவன் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "மிச்சம் நமக்குத் தெரியும்னு விட்டுட்டார் போல" என்றான்.

விமர்சகர்கள் 'வெற்றிடத்தின் பங்கு' என்று எழுதுவதைத்தான் பையன் சொல்லிவிட்டான். ஆனால் அவன் பதிலில் நான் இன்னொன்றைச் சேர்ப்பேன். 1969-ல் காந்தி என்பவர் ஏற்கெனவே எல்லோருக்கும் தெரிந்தவர். சிலையாகி, சாலைப் பெயராகி, நூற்றாண்டு விழாவாகி மூடப்பட்டுவிட்டவர். வெளிக்கோட்டை மூடி வரைந்தால் மறுபடியும் அந்தச் சிலைதான் வரும். ஆதிமூலம் கோட்டைப் பாதியில் நிறுத்தியதால் காந்தி மறுபடி அசைகிறார். வயதானவராக, களைத்தவராக, சில படங்களில் தனியாக விடப்பட்டவராகத் தெரிகிறார். விழாவுக்கு ஒட்டி வரையப்பட்ட ஒரு வரிசை விழாக் காந்தியைக் கலைத்துவிடுகிறது என்பது எனக்குப் பிடித்த முரண்.

நூறும் ஒரே தரம் என்று சொல்ல மாட்டேன். மை சிதறலையும் கோட்டின் வேகத்தையும் நம்பி, காந்தியை ஒரு சாக்காக மட்டும் வைத்துக்கொண்ட படங்களும் அவற்றில் உண்டு. அங்கே கோடு பாதியில் நிற்பது தேவையால் அல்ல, பழக்கத்தால். இந்த வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பிற்கால வண்ண ஓவியங்களைப் பார்க்கும்போது இதே கேள்வி திரும்ப வரும்.

இதழ் வேலை

1970-ல் தொடங்கிய 'கசடதபற' போன்ற சிற்றிதழ்களில் ஆதிமூலமும் அவருடைய கல்லூரித் தோழர்களும் வரைந்தார்கள். ஓவியரும் கவிஞரும் ஒரே மேசையில் உட்கார்ந்த காலம் அது. தமிழில் அதற்கு முன்னும் பின்னும் அது அவ்வளவு இயல்பாக நடக்கவில்லை.

இதில் தலைப்பெழுத்து வேலை தனியாகப் பேசத்தக்கது. அவருக்கு முன் நம் பத்திரிகைகளில் தலைப்பு என்றால் உருண்டு திரண்ட எழுத்து, அதற்கு ஒரு நிழல், சில சமயம் ஒரு பூ. அழகுதான். ஆனால் எல்லாக் கதைக்கும் ஒரே அழகு. ஆதிமூலத்தின் எழுத்துகள் செதுக்காத கல் போல இருக்கும். விளிம்பு பிசிறும். 'க'வின் வயிறும் 'ழ'வின் வாலும் தங்கள் இடத்தை விட்டுக் கொஞ்சம் நகர்ந்திருக்கும். ஒரு சொல்லின் எழுத்துகள் ஒரே மட்டத்தில் நிற்காமல் ஒன்றன் தோளில் ஒன்று கை போட்டிருக்கும். ஆனாலும் படிக்கத் தடையில்லை. ஓலைச்சுவடியையும் கல்வெட்டையும் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அந்தப் பிசிறு அந்நியமாகத் தெரியாது. தமிழ் எழுத்தைப் படிக்க மட்டுமின்றிப் பார்க்கவும் வைத்தவர் அவர். பிறகு எத்தனையோ பேர் அதைப் பார்த்து எழுதினார்கள். இன்று கல்யாணப் பத்திரிகை வரைக்கும் அந்தச் சாயல் வந்துவிட்டது, யாரிடமிருந்து வந்தது என்பது மட்டும் மறந்துபோயிற்று.

பெரிய வாசகர் கூட்டத்துக்கு அவர் போனது ஜூனியர் விகடனில் கி.ரா. எழுதிய 'கரிசல் காட்டுக் கடுதாசி' வழியாக. 1980-களில் அந்த இதழ் சேலத்திலிருந்து பேருந்தில் இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி ஏற்காட்டுக்கு வந்து சேரும். கடைக்காரர் எடுத்து வைத்திருப்பார். கி.ரா.வுக்காகத்தான் வாங்கினேன். சில வாரம் கழித்துத்தான் படத்தை முதலில் பார்த்துவிட்டு எழுத்துக்குப் போகிறேன் என்று கவனித்தேன்.

வழக்கமாகப் பத்திரிகை ஓவியர் கதையில் நடப்பதை வரைவார். கணவன் கோபிக்கிறான் என்று இருந்தால் கோபிக்கிற கணவனை வரைவார். ஆதிமூலம் பெரும்பாலும் அப்படிச் செய்யவில்லை. கி.ரா. சொல்லும் சம்பவத்தை விட்டுவிட்டு, அதைச் சொல்லக்கூடிய முகத்தை வரைந்தார். சுருக்கமும் மீசையும் தலைத்துண்டுமாக ஒரு கிழவர். காதில் பாம்படம் தொங்க ஒரு பாட்டி. வெயிலில் வெடித்த கரிசல் மண்ணும் அந்த முகங்களின் சுருக்கமும் ஒரே பேனாவிலிருந்து வந்த ஒரே வகைக் கோடு. கி.ரா.வின் எழுத்தில் பேச்சு வழக்கு செய்ததை இவர் பேனாவில் செய்தார் என்று சொல்லலாம்.

இதைச் 'சில்லறை வேலை' என்பவர்கள் அச்சின் நிபந்தனையை மறந்துவிடுகிறார்கள். மட்டமான தாள், ஒரே நிறம், விரலகல இடம், மறுநாளே கொடுக்க வேண்டிய அவசரம். மெல்லிய நிழல் அந்தத் தாளில் அழுக்காகிவிடும். கறுப்பும் வெறும் தாளும் மட்டும்தான் பிழைக்கும். சொல்லி வரையச் சொன்ன வேலையின் இந்த நெருக்கடியே அவர் கோட்டைச் சுத்தப்படுத்தியது என்பது என் கருத்து. நெசவாளர் மையத்து வேலையையும் இதோடு சேர்த்துப் பார்க்கிறேன். பாவும் ஊடையும் குறுக்காகப் போய்ப் பரப்பு உண்டாவதை அலுவலகத்தில் நாள்தோறும் பார்த்துக்கொண்டிருந்தவர் அவர். அவருடைய கோட்டோவியங்களிலும் முகம் ஒரு வெளிக்கோட்டால் வெட்டி எடுக்கப்படுவதில்லை, குறுக்குக் கோடுகளால் நெய்யப்படுகிறது.

1962 முதல் 1996 வரை அவர் வரைந்த கோட்டோவியங்கள் 'பிட்வீன் த லைன்ஸ்' என்ற பெயரில் ஆங்கில நூலாக வந்தன. அதைப் புரட்டும்போது முப்பத்து நான்கு வருட வளர்ச்சி தெரியும். ஆரம்பக் காலக் கோடு திறமையைக் காட்ட விரும்புகிறது. பிந்தைய கோட்டுக்கு அந்த ஆசை இல்லை.

மன்னர்கள்

1970-களில் அவர் வரைந்த மன்னர் வரிசை, காந்தி வரிசைக்கு நேர் எதிர். காந்தியிடம் தாள் பெரும்பகுதி காலியாக இருந்தது. மன்னர்களிடம் இடமே இல்லை. தலைப்பாகை, பதக்கம், சரிகை, வாள், முறுக்கு மீசை என்று கோடு கோட்டின் மேல் ஏறி அடைத்துக்கொண்டு நிற்கிறது. இவ்வளவு அலங்காரத்துக்கும் நடுவே கண்ணைத் தேடினால் அங்கே ஆள் இல்லை. சில மன்னர்கள் உடுப்பு தாங்கி நிற்கிற மரச்சட்டம் போல இருக்கிறார்கள். சிலர் உள்ளிருந்து கரையான் அரித்தவர்கள்.

முன்னாள் சமஸ்தான மன்னர்களின் மானியத்தை இந்திய அரசு நிறுத்தியது 1971-ல். அதே பத்தாண்டில் இந்தப் படங்களும் வந்தன. ஆனால் இவற்றை அரசியல் கேலிச் சித்திரம் என்று குறுக்க வேண்டாம். கேலி இருக்கிறது. அதோடு ஒரு இரக்கமும் இருக்கிறது. காலம் போனது தெரியாமல் உடை மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற கிழவர்கள் மேல் வருகிற இரக்கம். எங்கள் மலையில் காப்பித் தோட்டத்துப் பழைய பங்களாக்களின் கூடங்களில் வெள்ளைக்கார துரைகளின் படங்கள் தொங்குவதுண்டு. அவற்றில் ஒன்றின் முன் நின்றபோது எனக்கு ஆதிமூலத்தின் மன்னர்கள் நினைவுக்கு வந்தார்கள். மீசை அப்படியே இருக்க முகத்தைப் பூஞ்சை தின்றிருந்தது.

மன்னர் வரிசையையே அவர் கோட்டோவியத்தின் உச்சம் என்பவர்கள் உண்டு. எனக்குக் காந்திதான். மன்னர்களில் சில இடங்களில் அலங்காரத்தைக் கேலி செய்யப் போன பேனா, அலங்காரத்தை ரசிக்கத் தொடங்கிவிடுகிறது.

வண்ணப் பரப்புகள்

இனிக் கடினமான பகுதி.

எழுபதுகளின் இறுதியிலிருந்து ஆதிமூலம் எண்ணெய் வண்ணத்தில் அரூப ஓவியங்களை வரையத் தொடங்கினார். உருவம் போயிற்று. கோடும் போயிற்று என்றே முதலில் தோன்றும். பெரிய கித்தானில் தடித்த வண்ணம் பரப்பாக, அடுக்காகக் கிடக்கும். ஒரு நிறம் மற்றொன்றின் மேல் ஏறி, பாதி மறைத்து, பாதி காட்டும். ஓரிடத்தில் மட்டும் சின்னதாகச் சிவப்போ மஞ்சளோ பற்றிக்கொண்டு நிற்கும். இவற்றை 'வெளி' என்ற சொல்லால் குறிப்பது வழக்கம்.

இவற்றில் நான் நேரில் பார்த்தவை சிலவே, சென்னைக்குப் போனபோது. மற்றவை அச்சில். அச்சில் பார்த்துத் தீர்ப்புச் சொல்வது தவறு என்பதை நேரில் பார்த்த அன்றே புரிந்துகொண்டேன். புத்தகத்தில் தட்டையான நீலமாக இருந்தது நேரில் மேடும் பள்ளமுமாக இருந்தது. பக்கவாட்டிலிருந்து வெளிச்சம் படும்போது வண்ணத்தின் மேடுகள் நிழல் போட்டன. கோட்டோவியம் அச்சுக்குப் போகும்போது எதையும் இழப்பதில்லை. வண்ணப் பரப்பு முக்கால்வாசியை இழக்கிறது. இலக்கியக்காரர்களுக்கு அரூப ஆதிமூலம் பிடிக்காமல் போனதற்கு ரசனைக் குறைவு காரணம் அல்ல. அந்த ஆதிமூலம் அவர்கள் கைக்கு வந்ததே இல்லை. சேலத்திலோ ஏற்காட்டிலோ இருக்கும் ஒருவர் காந்தி வரிசையைத் தாளில் பார்க்கலாம். பெரிய கித்தானுக்கு எங்கே போவார்?

எனக்கும் முதலில் இவை பிடிக்கவில்லை என்பதை மறைக்க வேண்டியதில்லை. பிறகு ஏற்காட்டு மூடுபனி உதவிக்கு வந்தது. கார்த்திகை மார்கழியில் காலை எட்டு மணிக்கு எங்கள் வீட்டு வாசலில் நின்றால் எதிர்த் தோட்டத்துச் சில்வர் ஓக் மரங்கள் இருக்காது. அவற்றில் ஏறிய மிளகுக் கொடியும் இருக்காது. மரத்தின் ஓரக்கோடு முதலில் போகும், பிறகு மரம் போகும், கடைசியில் அந்த இடத்தில் கொஞ்சம் கனத்த சாம்பல் நிறம் மட்டும் மிஞ்சும். மரம் அங்கேதான் இருக்கிறது என்று தெரியும், எங்கே முடிகிறது என்று சொல்ல முடியாது. ஆதிமூலத்தின் கித்தானில் இருப்பதும் இதுதான் என்று ஒருநாள் தோன்றியது. ரொம்ப மகிழ்ச்சியாக இருந்தது.

அந்த மகிழ்ச்சியைப் பிறகு சந்தேகப்பட்டேன். அரூப ஓவியத்தில் மலையையும் பனியையும் கண்டுபிடிப்பது பார்வையாளனின் சுலபமான தந்திரம். மேகத்தில் யானை பார்ப்பது போல. கண்டுபிடித்துவிட்டால் பிறகு ஓவியத்தைப் பார்க்க வேண்டியதில்லை, யானையைப் பார்த்தால் போதும். மலையைக் காட்ட வேண்டுமென்றால் ஆதிமூலத்துக்கு மலை வரையத் தெரியாதா என்ன?

ஆகவே பனியை வாசல் வரைக்கும் மட்டும் கூட்டிவந்து நிறுத்திவிட்டேன். உள்ளே போனதும் நான் பார்ப்பது விளிம்பை. ஒரு நிறம் இன்னொரு நிறத்தைச் சந்திக்கிற இடத்தை. அங்கே கத்தியால் வெட்டிய கோடு இல்லை. ஒன்றன் பிசிறு மற்றொன்றுக்குள் போயிருக்கிறது. தலைப்பெழுத்துகளில் பார்த்த அதே பிசிறுதான் இது. காந்தியின் தோளில் பாதியில் நின்ற கோடும் இதே வேலையைத்தான் செய்தது. உருவத்தின் எல்லையை மூடாமல் விட்டார். அடுத்து எழுத்தின் எல்லையைக் கிழித்தார். கடைசியில் எல்லை என்ற ஒன்றே இல்லாத பரப்புக்கு வந்து சேர்ந்தார். அவர் கோட்டை விட்டுவிட்டு வண்ணத்துக்குத் தாவினார் என்பது சரியல்ல. கோட்டைத் திறந்துகொண்டே போய் அங்கே வந்தார். கோட்டோவியக் கட்சியும் கித்தான் கட்சியும் பார்க்கத் தவறிய தொடர்பு இதுதான் என்று நினைக்கிறேன்.

தொடர்பு இருப்பதாலேயே எல்லாக் கித்தானும் தேறிவிடாது. முன்பே சொன்ன கேள்வி இங்கே வருகிறது. தேவையா, பழக்கமா? சில வண்ண ஓவியங்களில் மேடுபள்ளம் ஒரு வேலைப்பாடாக மாறி, நிறங்கள் ஒன்றுக்கொன்று மரியாதையாக நடந்துகொள்கின்றன. அந்தச் சின்னச் சிவப்பு எங்கே வரும் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். பெரிய ஓட்டலின் வரவேற்பறையில் சோபாவுக்குப் பின்னால் நன்றாக இருக்கும். வாங்குகிறவர் ஒருவித ஓவியத்தை எதிர்பார்க்கத் தொடங்கிவிட்டால், அதைக் கொடுக்காமலிருப்பது எந்த ஓவியருக்கும் கடினம். வேடிக்கை என்னவென்றால், வார இதழ் சொல்லிக் கேட்ட வேலையில் ஆதிமூலம் இப்படி இணங்கிப் போனதாக எனக்குத் தெரியவில்லை. அங்கே இடம்தான் சின்னது, கை சுதந்திரமாக இருந்தது. யாரும் இதை வரை என்று சொல்லாத பெரிய கித்தானில்தான் சில சமயம் கை கட்டுப்பட்டிருக்கிறது.

நல்ல வண்ண ஓவியங்களில் இந்தப் பிரச்சினை இல்லை. நான் நேரில் பார்த்தவற்றில் ஒன்று, பெரும்பாலும் பழுப்பும் மங்கிய வெள்ளையும். நடுவே ஒரு கறுப்புப் பட்டை இடமிருந்து தொடங்கி வலதுபுறம் போகப்போக மெலிந்து, ஓரத்தைத் தொடுவதற்கு ஒரு சாண் முன்னால் வெள்ளையில் கரைந்துவிடுகிறது. காவலாளி இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டுப் போகும் வரை அந்தக் கடைசி ஒரு சாணையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

செய்ய வேண்டியது

கித்தான்கள் விலைபோய்த் தனியார் வீடுகளில் இருக்கின்றன. அவை எப்படியாவது காப்பாற்றப்படும், விலை இருக்கிற பொருளை யாரும் எறிய மாட்டார்கள். ஆபத்து இதழ் ஓவியங்களுக்கும் தலைப்பெழுத்துகளுக்கும்தான். நூலகங்களில் சிற்றிதழ்களைக் கட்டு போடும்போது அட்டையைக் கிழித்துவிட்டுக் கட்டுவது நம் ஊர் வழக்கம். ஆதிமூலம் இருந்தது அட்டையில். மறுபதிப்பு வரும் நூல்களிலும் பழைய தலைப்பெழுத்தை நீக்கிவிட்டுக் கணினி எழுத்து போட்டுவிடுகிறார்கள். இதழ் இதழாகத் தேடி, தேதியோடு, எந்தப் படைப்புக்கு எந்தப் படம் என்ற குறிப்போடு ஒரு பட்டியல் தயாரிக்க வேண்டும். ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் ஊருக்கு இரண்டு பேர் உட்கார்ந்தால் செய்துவிடக்கூடிய வேலை.

என்னிடம் 'கரிசல் காட்டுக் கடுதாசி' வந்த இதழ்களில் சில இருந்தன. மலையின் ஈரத்தில் தாள் பழுத்து, ஓரத்தில் பூச்சி அரித்துவிட்டது. போன மாதம் அவற்றை வெயிலில் காயவைத்து ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுத்தேன். பதினோரு முகங்கள் கிடைத்தன. பூச்சி தின்ற இடத்தில் சில கோடுகள் பாதியில் நிற்கின்றன. எதைப் பூச்சி தின்றது, எதை அவரே விட்டுவைத்தார் என்று இரண்டு படங்களில் என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. அந்த இரண்டின் நல்ல பிரதி யாரிடமாவது இருந்தால் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.